ஆட்டுவிதை மருத்துவனும் அவன் வானொலியும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நோயுற்று மருந்து தேடி அலைபவன் அறிவிலி அல்லன், துன்பத்தால் விரைபவன். கற்றவனாயினும் கல்லாதவனாயினும் வலி வந்தபோது அவன் கால்கள் விரையவே செய்யும். அவ் விரைவையே முதலாக வைத்து வாணிகம் நடத்துவோர் எந் நாட்டிலும் எக் காலத்திலும் உளர். அவருள் ஒருவன் கதையே இன்று ஈண்டுச் சொல்லப்படுவது. அவன் அமெரிக்கன், பெயர் சான் பிரிங்க்கிலி. இறந்து எண்பதாண்டுக்கு மேலாகிறது. இன்று உயிரோடிருப்பார் ஒருவரை எடுத்துக்கொண்டால் கேட்போர் இரு கட்சியாய்ப் பிரிந்து விடுவர். செவி மூடிக்கொள்ளும், வாய் மட்டும் திறக்கும். முடிந்துபோனவன் கதையில் அவ் விடர்ப்பாடு இல்லை. அவன் சொன்னதும் செய்ததும் மருத்துவ வாரிய ஆவணத்திலும் முறைமன்ற ஏட்டிலும் எழுத்தாகக் கிடக்கின்றன.

அவன் பிறந்தது 1885-ஆம் ஆண்டு, வட கரோலினா மாநிலத்து மலைப்புறச் சிற்றூரொன்றில். தொடக்கத்தில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தான். பின்னர்ச் சிகாகோ நகரில் ஒரு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து சில ஆண்டு பயின்றான். கட்டணம் கட்ட இயலாமையாற் படிப்பை முடித்தானில்லை. 1913-இல் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் ஒரு கூட்டாளியோடு கடை விரித்து, நிறமேற்றிய நீரை ஊசிவழி ஏற்றி, ஊசியொன்றுக்கு 25 தாலர் வாங்கினான். கடன்காரர் சூழவே இருவரும் இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கினர். 1915-இல் கான்சசு நகரத்து நிறுவனமொன்றில் காசு கொடுத்து ஒரு மருத்துவப் பட்டம் பெற்றான். பட்டத்தை விற்பதே அந் நிறுவனத்தின் தொழில். ஆயினும் அன்றைய அமெரிக்காவில் சில மாநிலங்கள் அத் தாளையும் தாளென்றே ஏற்று உரிமம் வழங்கின. விற்றவனும் வாங்கியவனும் செய்த பிழை ஒருபுறமிருக்க, அதனைக் கண்மூடி ஏற்ற அரசுகளின் பிழையே ஈண்டுப் பெரிது.

1917-இல் கான்சசு மாநிலத்து மில்போர்டு என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தான். ஏறத்தாழ இருநூறு பேர் வாழ்ந்த சிற்றூர் அது. அடுத்த ஆண்டு பெருங்காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, நோயாளரைத் தேடிச் சென்று அவன் நன்கு பேணினான் என்பர். அவனைப் பழித்து எழுதினோரும் இதனை மறுத்திலர். இதனை மறைக்காமற் சொல்வதே முறை. முற்றும் தீயவனாய் இருந்திருந்தால் அவ் வூரார் அவனை நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் நடுவயது உழவன் ஒருவன் வந்து தன் ஆண்மை தளர்ந்ததென்று சொல்லி வருந்தினான். ‘கடாவின் விதை உனக்கிருந்தால் இக் குறை வராது’ என்று மருத்துவன் நகையாடினான். ‘ஆயின் அதனையே எனக்கு வைத்துவிடு’ என்றான் உழவன். இது பிரிங்க்கிலியே பரப்பிய கதை. எவ்வளவு மெய்யோ யாரறிவார்? அறுவை நடந்தது மட்டும் மெய். அடுத்து ஒரு குழந்தை பிறந்ததென்றும், அது ஆட்டுவிதையின் பயனென்றும் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன. ஆங்கிலத்தில் கடாவைச் சுட்டும் செல்லப் பெயரையே அக் குழந்தைக்கு இட்டார்களாம்! விளம்பரம் அவ்விடத்திலேயே தொடங்கிவிட்டது.

அறுவை என்பது என்ன? மாந்தனின் விதைப்பையைச் சிறிது கீறி, அப்போதே அறுத்தெடுத்த ஆட்டுவிதைத் துண்டை உள்ளே வைத்துத் தைத்துவிடுதல். அவ்வளவே. குருதிக்குழாயோடு இணைப்பு இல்லை. நரம்போடு இணைப்பு இல்லை. வேற்றுயிரின் தசையை மாந்தனுடல் தன்னுடையதாக ஏற்காது. ஓர் உடன்பிறந்தானின் சிறுநீரகத்தைப் பொருத்தினாலும், அதனை உடல் தள்ளிவிடாதபடி வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டியிருப்பதை இன்று பலரும் அறிவர். ஆட்டுத்தசை என்னாகும்? குருதியின்றிச் செத்துக் கரையும். கெட்ட வேளையாயின் சீழ்பிடித்து உயிரைக் குடிக்கும். ஆண்மைச் சுரப்பின் சாறு காளையின் விதையிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டதே 1935-இல்தான். இவன் கத்தியெடுத்ததோ 1918-இல்!

அக் காலத்தில் இத் துறையில் இறங்கினோர் அனைவரும் ஏய்ப்பவர் அல்லர். பாரிசு நகரத்துப் பேரறிஞர் பிரவுன் செக்கார் 1889-இல், தம் 72-ஆம் அகவையில், நாய் முதலியவற்றின் விதைச்சாற்றைத் தம்முடலிலேயே ஏற்றிக்கொண்டு, இளமை மீண்டதுபோல் உணர்வதாக அறிஞர் அவையிற் சொன்னார். அது நீர்ச்சாறு; அதில் அச் சுரப்பு இருந்ததே இல்லையென்னும்படி மிகக் குறைவு. நம்பிக்கையே அவருக்கு வலிமை தந்தது. அவர் பிழைபட்டார்; ஆனால் தம் பிழையைப் பிறர் ஆய்ந்து பார்க்கும்படி அவைமுன் வைத்தார். பிரிங்க்கிலி எந்த அவைமுன்னும் எதனையும் வைத்தானில்லை. கேள்வி கேட்டோரைப் பொறாமைக்காரர் என்றான். பிழைபட்டவர்க்கும் ஏய்ப்பவர்க்கும் இடையே உள்ள கோடு இதுவே.

கட்டணம் 750 தாலர். அக் காலத்து எளிய போர்டு உந்துவண்டியின் விலையினும் அது மிகுதி. இளமை மீளும் என்று வந்த உழவர் வயலை அடகு வைத்தும் கட்டினர். பயன் கிட்டாதவன் ஊரில் வாய்திறப்பானா? ‘ஆண்மை வேண்டி ஆட்டுவிதை வைத்துக்கொண்டேன், பயனில்லை’ என்று எவன் சந்தையில் நின்று சொல்வான்? பயன் கிட்டியதாக எண்ணியவன் மட்டுமே பேசினான். நாணத்தால் அடங்கியவர் கணக்கில் வரவேயில்லை. இத்தகைய நோய்களையே ஏய்ப்பவர் தேர்ந்தெடுப்பதன் கரணியமும் இதுதான்.

1923-இல் அவன் தன் வானொலி நிலையத்தை நிறுவினான். மாநிலத்தின் முதல் நிலையங்களுள் ஒன்று. நாட்டுப்புறப் பாட்டு, யாழிசை, திருமறை விளக்கம், கால்நடை விலை, இவற்றுக்கிடையே நாள்தோறும் மருத்துவனின் பேச்சு. 1930-இல் ஒரு வானொலித் தாளிகை நடத்திய வாக்கெடுப்பில் நாட்டிலேயே மிகவும் விரும்பப்படும் நிலையம் என்று அதற்குப் பொற்கிண்ணம் கிடைத்தது.

அந் நிலையத்தில் ‘மருத்துவ வினாப்பெட்டி’ என ஒரு நிகழ்ச்சி. கேட்போர் தம் நோயை மடலில் எழுதுவர். அவன் அதனை ஒலிவாங்கிமுன் படித்து, ‘இன்ன ஊரிலிருந்து எழுதிய அம்மைக்கு இன்ன எண் மருந்து’ என்பான். அவ் வெண்ணுக்குரிய மருந்து, அவனோடு உடன்படிக்கை செய்துகொண்ட மருந்துக்கடைகளில் மட்டுமே கிடைக்கும். விற்கும் ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு தாலர் அவனுக்குப் போய்ச் சேரும். நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை, நாடி பார்த்ததில்லை, நாவை நீட்டச் சொன்னதில்லை. வயிற்றுவலி என்று எழுதியவளுக்கு வயிற்றில் புண்ணோ கட்டியோ, அவனறியான். அவள் மருந்தென்று அருந்தியது எண்ணை!

பெருமக்களே, ஈண்டுச் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் பேச்சில் மக்கள் மயங்கியது ஏன்? அவர்கள் மொழியில் அவன் பேசினான். உழவன் வீட்டில் வழங்கும் சொல்லால், கால்நடை பற்றிப் பேசுவதுபோல், உடலைப் பற்றிப் பேசினான். முறையாகக் கற்ற மருத்துவரோ இலத்தீனில் மருந்தெழுதினர்; நோயின் பெயரைக் கிரேக்கத்திற் சொன்னர்; நோயாளி வினவினால் சினந்தனர். கற்றவர் திறக்காத கதவை ஏய்ப்பவன் திறந்தான். அவன் தந்த மருந்து பொய். ஆனால் ‘என் நோயை எனக்குப் புரியும்படி ஒருவன் சொல்கிறான்’ என்ற ஆறுதல் மெய். அவ் வாறுதலுக்காகவே மக்கள் பொய்யையும் சேர்த்து விலைக்கு வாங்கினர்.

தமிழ்நாட்டின் நிலை இதனினும் கொடிது. ஈங்கு மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் ஆங்கிலத்தில், மருந்துச்சீட்டு ஆங்கிலத்தில், ஆய்வுத்தாள் ஆங்கிலத்தில். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீரோடு நிற்கும் தாய்க்கு அதில் ஒரு வரி விளங்காது. தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்திருப்பவனோ நல்ல தமிழில் பேசுகிறான். அறிவியலைத் தமிழிற் சொல்லாதவரை, தமிழிற் சொல்லப்படுவதெல்லாம் அறிவியலாகத் தோன்றத்தான் செய்யும். தனித்தமிழ்த் தொண்டு சொல்லாராய்ச்சியோடு நிற்பது அன்று. அதன் ஒரு கிளை மருத்துவமனை வாயிலிலும் நிற்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று எது?

கதைக்கு மீள்வோம். அமெரிக்க மருத்துவக் கழகத் தாளிகையின் ஆசிரியர் மாரிசு பிசுபெயின் என்பார். போலி மருத்துவரைத் தோலுரிப்பதையே அவர் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அவர் எழுத எழுத, கான்சசு மருத்துவ வாரியம் 1930-இல் வினவல் நடத்தியது. பிரிங்க்கிலி கையெழுத்திட்ட இறப்புச் சான்றுகளை எடுத்துவைத்தனர்: 42. தம் காலால் நடந்து அவன் மருத்துவமனைக்குள் நுழைந்தோர் அவருட் பலர். வாரியத்தார் நேரிற் சென்று அவன் அறுவையையும் பார்த்தனர். பார்த்த சின்னாளில் உரிமத்தைப் பறித்தனர். அதே ஆண்டில் நடுவணரசின் வானொலி ஆணையமும் நிலைய உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலையம் மக்கள் நலத்திற்கன்றி ஒருவன் வாணிகத்திற்கே நடத்தப்படுகிறது என்பது தீர்வு. 1931-இல் மேல்முறைமன்றமும் அதனையே உறுதிசெய்தது.

இவ்வளவுக்குப் பின்னர் மக்கள் அவனைக் கைவிட்டிருப்பர் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. உரிமம் பறிபோன அதே 1930-இல் அவன் மாநில ஆளுநர் தேர்தலில் இறங்கினான். வாக்குச்சீட்டில் அவன் பெயர் அச்சாகவில்லை. வாக்காளரே கையால் எழுதவேண்டும். எழுத்துப் பிசகினால் வாக்குச் செல்லாது. அங்ஙனம் எழுதியும் 1,83,278 வாக்குகள் அவனுக்கு விழுந்தன. வென்றவர் பெற்றவை 2,17,171. செல்லாதென்று தள்ளப்பட்டவற்றையும் எண்ணியிருந்தால் அவனே வென்றிருப்பான் என்று கருதுவோரும் உளர். 1932-இல் மீண்டும் நின்று 2,44,607 வாக்குப் பெற்றுத் தோற்றான்.

தன்னை அரசும் பெரியவர்களும் சேர்ந்து ஒடுக்குவதாக அவன் சொன்னான், மக்கள் நம்பினர். இது போலி மருத்துவர் அனைவரிடமும் உள்ள படைக்கலம். ‘என் மருந்தை ஆய்ந்து பாருங்கள்’ என்பதற்கு மாறாக ‘என்னை ஒடுக்குகின்றனர், பாருங்கள்’ என்பான். ஒடுக்கப்பட்ட மக்கள் நடுவே இக் குரல் எளிதில் செவிக்குள் நுழையும். தமிழராகிய நாமும் நெடுநாள் ஒடுக்கப்பட்டவரே. ஆதலின் நம் செவி இக் குரலுக்கு இன்னும் அகலத் திறந்திருக்கிறது என்பதை நாணாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்டமை ஒருவன் மருந்தை மெய்யாக்கி விடாது.

அமெரிக்காவில் வானொலி போயிற்று. அவனோ எல்லை தாண்டினான். இரியோ கிராண்டி ஆற்றின் இக் கரையில் தெக்சாசு மாநிலத்து தெல்ரியோ. அக் கரையில் மெக்சிக்கோவின் வில்லா அகுனா. அக் கரையில் 1931-இல் புதிய ஒலிபரப்பி எழுப்பினான். அதன் வலிமை பின்னர் 500 கிலோவாட்டு வரை உயர்ந்தது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் அவன் குரல் கேட்டது. தெல்ரியோவிலிருந்து தொலைப்பேசிக் கம்பி வழியே அவன் பேச, மெக்சிக்கோ அதனை ஒலிபரப்பியது. இதனைத் தடுக்கவே 1934-ஆம் ஆண்டுச் செய்தித் தொடர்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. இன்றும் அதற்கு அவன் பெயரே வழங்குகிறது. உடனே அவன் பேச்சை இசைத்தட்டிற் பதித்து ஆற்றைக் கடத்தி அனுப்பினான். சட்டம் ஒரு வாயிலை அடைக்குமுன் பொய் அடுத்த வாயிலைக் கண்டுவிடும். 1937-ஆம் ஆண்டில் மட்டும் அவன் வருவாய் பத்திலக்கம் தாலருக்கு மேல்.

இதற்குள் ஆட்டுவிதை பழங்கதையாகிவிட்டது. இப்போது அவன் முதியோரின் சிறுநீர்த்தடைக்கு அறுவையும், வீடு திரும்பியபின் ஏற்றிக்கொள்ளச் சிறு குப்பிகளில் ஊசிமருந்தும் விற்றான். அம் மருந்து நீலஞ்சாயம் ஊட்டிய நீரினும் பெரிதாக ஒன்றுமில்லை என்பது பின்னர் முறைமன்றத்தில் வெளிப்பட்டது. கிரீன்வில்லில் தொடங்கிய நிறநீருக்கே கால் நூற்றாண்டுக்குப் பின் மீண்டு வந்திருந்தான்!

1938-இல் பிசுபெயின் அவனை ஏய்ப்பு மருத்துவன் என்று வெளிப்படையாக எழுதினார். பிரிங்க்கிலி இரண்டரை இலக்கம் தாலர் கேட்டு மானவழக்குத் தொடுத்தான். அவன் அழிவை அவனே தேடிக்கொண்ட இடம் இது. வழக்கு 1939-இல் அவன் வாழ்ந்த தெல்ரியோவிலேயே நடந்தது. அவன் பணத்தால் தழைத்த ஊர். தீர்ப்புச் சொல்லும் குழுவினரும் அப்புறத்து மக்களே. ஆயினும் வழக்குமன்றத்தில் சான்றுக்கூண்டு உண்டு. குறுக்கு வினவல் உண்டு. வாங்கிய பட்டம், ஊசியில் ஏறிய நீர், கணக்கேடு எல்லாம் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. அவனை ஏய்ப்பவன், போலி மருத்துவன் என்று சொல்வது தகும் என்று குழுவினர் தீர்ப்பளித்தனர். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

பின்னர் நடந்தது விரைந்து முடிந்தது. முன்னாள் நோயாளரும் இறந்தோர் குடும்பத்தாரும் வழக்கின்மேல் வழக்காகத் தொடுத்தனர். 1941-இல் நொடிப்பு அறிவித்தான்; அதே ஆண்டு மெக்சிக்கோ அரசு ஒலிபரப்பியையும் மூடியது. அஞ்சல்வழி ஏய்ப்புக் குற்றச்சாட்டு தலைமேல் தொங்க, ஒரு கால் வெட்டப்பட்ட நிலையில், 1942 மே 26-இல் சான் அந்தோணியோ நகரில் இறந்தான். கத்தியெடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வந்த நாள்வரை இருபதாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அவ் விருபதாண்டில் அவன் மேசைமேற் படுத்தோர் ஆயிரக்கணக்கினர்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். ‘வழிவழி மருத்துவர்’ என்று படம் போட்டு, இன்ன நாளில் இன்ன ஊரில் இன்ன விடுதியில் இன்ன அறையிற் காணலாம் என்று அட்டவணையிட்ட விளம்பரங்களைக் காணாத தமிழர் உண்டோ? சிட்டுக்குருவி இளகம் என்ற பெயரைக் கேளாதவர் உண்டோ? கான்சசில் கடா, ஈங்குக் குருவி. நாணத்தால் வாய்திறவாத அதே நோயாளி. பயனில்லையென்று திரும்பி வந்தால் பூட்டிக் கிடக்கும் அதே அறை.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு. 1954-ஆம் ஆண்டிலேயே நடுவணரசு, மருந்து, மாயத்தீர்வு விளம்பரங்களுக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. ஆண்மைப் பெருக்கம் பற்றிய விளம்பரம் அதில் நேரடியாகவே தடைசெய்யப்பட்டுள்ளது. அதன் பட்டியலில் 54 நோய் நிலைகள் உள. புற்றுநோய், நீரிழிவு, குருட்டுத்தன்மை எல்லாம் அவற்றுள் அடங்கும். அவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே குற்றம். முதன்முறைக்கு ஆறு திங்கள் வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ. மறுமுறையாயின் ஓராண்டு வரை. அவ் விளம்பரங்கள் எத்தனை ஆண்டு எத்தனை தாளிகைகளில் அச்சேறின என்பதையும் இச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பது கேட்போர் பொறுப்பு.

ஒன்று சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தமிழன்பர் வட்டத்திலேயே ஒரு மெலிவு உண்டு. ‘சித்தர்’ என்ற சொல்லும் ‘தமிழ் மருத்துவம்’ என்ற சொல்லும் கேட்டவுடன் நம் ஆய்வறிவு துயில் கொள்கிறது. அயலவன் பொய்யை ஆயிரம் வினாக்களால் துளைப்பவர், தமிழ்ப் பெயர் சூட்டிவந்த பொய்க்கு மாலையிடுகின்றனர். கேள்வி கேட்பவரை இனப்பகைவர் என்றும் ஏசுகின்றனர். சித்த மருத்துவம் நெடிய பட்டறிவின் தொகுப்பு. அதனை முறையாகக் கற்பிக்கப் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரி இயங்குகிறது. ஐந்தாண்டுக்கு மேல் அங்குப் பயின்று பட்டம் பெற்ற இளைஞர் ஒருபுறம் எளிய கூலிக்கு உழைக்க, விடுதியறை வழிவழியார் உந்துவண்டியில் ஊர் சுற்றுகின்றனர். தமிழ் மருத்துவத்திற்கு உண்மைப் பகைவர் யார்? ‘எல்லா நோய்க்கும் ஒரே மருந்து’ என்று அதன் பெயரால் கூவுபவரா, ‘இம் மருந்து எந்நோய்க்கு, எவ்வளவு, எத்தனை பேரிடம் பயன் கண்டது, பயன் காணாதவர் எத்தனை பேர்’ என்று அமைதியாக வினவுபவரா?

அடுத்த திங்கள் இவ் வூருக்கும் அப்படி ஒருவர் வரலாம்; சுவரொட்டியில் அகத்தியர் படமும் இருக்கலாம். அவரை ஏசவும் வேண்டா, வழிபடவும் வேண்டா. பட்டம் எங்கே பெற்றது, பதிவெண் யாது, மருந்தில் என்னென்ன சேர்ந்துள்ளன, கொடுத்த காசுக்குச் சீட்டு உண்டா, நோய் முற்றினால் உங்களை எங்கே தேடுவது என்று இவ் வைந்தையும் நல்ல தமிழிலேயே கேட்டுவிட்டு, அவர் விடை சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள்.